படகு எழும்பாத மாதங்கள்

ஓடுவது வேறு, எழும்புவது வேறு. இதை எங்கள் தோட்டத்து லய வீட்டு ஆட்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சின்ன மோட்டார் படகு ஒன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால் அது வெறுமனே ஓடுகிறது. விசையை முழுதாகத் திருகினால் முதலில் மூக்கைத் தூக்கும், பின்பக்கம் அமிழும், ஐந்தாறு நொடி தவிக்கும். பிறகு மூக்கு மெல்லத் தாழ்ந்து, உடம்பு தண்ணீருக்கு மேலே ஏறிவிடும். அதன் பிறகு தண்ணீரை உழாது, அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அதைத்தான் எழும்புவது என்கிறோம். எழும்பினால் எங்கள் கரையிலிருந்து நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரைக்குப் பத்து நிமிடம். எழும்பாவிட்டால் முக்கால் மணி நேரம்.

மற்றவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஹட்டன் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவருக்கு அரை மணி முந்தினால் என்ன, பிந்தினால் என்ன? எனக்கு அப்படியில்லை. அந்த வித்தியாசத்தில்தான் என் மனைவியின் உயிர் இருந்தது.

அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். நான் அதே தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின் பார்க்கிற பிட்டர். தேயிலை அரைக்கிற ரோலர் நின்றாலும், காய வைக்கிற டிரையர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் எங்கள் பகுதியான டிவிஷன் தண்ணீருக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மலையைச் சுற்றி லொறியில் போனால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம், மழை பெய்து மண் சரிந்தால் அதுவும் இல்லை. அதனால் ஒரு தொண்டு நிறுவனம் கடற்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பழைய பைபர் படகு ஒன்றை எஞ்சினோடு கொண்டுவந்து தந்தது. எஞ்சின் என்றால் அவன்தானே என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படகு வந்த வருடமே அவளைக் குளவி கொட்டியது. எங்கள் பக்கத்து மலைகளில் பாறை இடுக்கிலும் மரக் கிளையிலும் குளவிக் கூடு இல்லாத இடம் கிடையாது. காற்று பலமாக அடித்தால் போதும், பருந்து மோதினால் போதும், கலைந்து வந்து கொழுந்து எடுக்கிற பெண்கள்மேல் விழும். அன்றைக்குப் பதினோரு கொட்டு. மற்றப் பெண்கள் வீங்கிப்போய் அழுதார்கள். இவளோ அழக்கூட முடியாமல் தொண்டை அடைத்து, உதடு நீலமாகி, என் மடியில் கிடந்தாள். படகு எழும்பியது. பத்தாவது நிமிடம் எதிர்க்கரை, அங்கிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம். ஊசி போட்ட டாக்டர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவருடைய உடம்பு குளவி விஷத்தைத் தாங்காது, அடுத்த முறை ஒரு கொட்டே போதும், உடனே கொண்டுவந்துவிட வேண்டும் என்றார்.

மூன்றாவது வாரம் அவள் திரும்பவும் மலைக்குப் போனாள். நான் கத்தினேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினேன். எனக்குக் கோபம் வந்தால் எதையாவது தள்ளுவேன், அது கெட்ட பழக்கம்தான்.

"பதினாறு வருசமா மலையில வேலைக்கு பேர் விழுது. இப்ப நின்னுட்டு லயத்துல உக்காந்து என்னா பண்றது? குளவி லயத்துக்கு வராதா?" என்றாள்.

அவளை நிறுத்த முடியாததால் படகைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். படகு எழும்புகிறவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். யாரோடு போட்டேன் என்று தெரியாது.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் மூவரை ஏற்றிக்கொண்டு போனபோது படகு எழும்ப வழக்கத்தைவிடக் கூட நேரம் எடுத்தது. ஆள் பாரம் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் மூன்று பேர் இருந்தால் எழும்பவேயில்லை. அதற்கடுத்த மாதம் நான் மட்டும் தனியே போனாலும் தகராறு. எஞ்சின் அலறும், பின்னால் நுரை கொதிக்கும், படகோ கிளையை எட்டிப் பிடிக்க முன்னங்காலைத் தூக்கின ஆடு மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்படியே முக்கால் மணி நேரம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எஞ்சினை ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்தேன். ஸ்பார்க் பிளக் மாற்றினேன். பெட்ரோல் வடிகட்டியைக் கழுவினேன். விசைக் கம்பி முழுதாக இழுபடுகிறதா என்று மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், இழுபட்டது. தண்ணீரைத் தள்ளுகிற விசிறியில் நைலான் வலை சுற்றியிருக்கும் என்று பார்த்தேன், இரண்டு முழம் கிடைத்தது. அடடா இதுதான் என்று குதித்தேன். இல்லை, இது இல்லை. விசிறியின் நடுவில் இருக்கும் ரப்பர் வழுக்கினாலும் எஞ்சின் சும்மா சுற்றும் என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னார். அச்சிலும் விசிறியிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டு முழு விசையில் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கியிருந்தால் கோடு விலகியிருக்கும். விலகவில்லை. கெட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடித்தால் சரி செய்துவிடலாம். எல்லாம் நன்றாக இருந்தால் என்ன செய்வது?

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கங்காணி கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பெட்ரோலில் கலப்படம் என்றார். எனக்கும் ஒன்று தோன்றியது. படகின் முன்பக்க உட்புறத்தில் அம்மன் படம் ஒட்டியிருந்தோம். அதற்கு நேரே காலை நீட்டி உட்கார யாருக்கும் மனம் வராது. அதனால் ஏறுகிற அத்தனை பேரும் பின்னால் என் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். பின்பாரம் கூடினால் எழும்பாதுதானே? ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, படத்தைப் பக்கவாட்டில் மாற்றி ஒட்டி, ஆட்களை முன்னுக்குத் தள்ளினேன். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. எழும்பவில்லை.

படகைக் கரையேற்ற முன்பெல்லாம் ஆறு பேர் போதும். இப்போது பத்துப் பேர் சேர்ந்தாலும் நகரவில்லை. அதையும் நாங்கள் கேலியாக்கினோம். "இப்ப உள்ள ஆம்பளைங்களுக்கு கொழுந்து மூட்டையே தூக்க முடியல, போட்ட எங்க தூக்குறது" என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிட்டர் வேலை பார்க்கிற மடையன், அந்த இடத்தில் சிரித்திருக்கக்கூடாது.

அந்த மாதங்களில் நான் மனுசனாக இல்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் கங்காணியைப் பிடித்து இன்றைக்கு எந்த மலை என்று கேட்பேன். ஸ்டோரின் மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். பனி மூடினால் ஒன்றும் தெரியாது, அப்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ரோலர் சத்தத்தில் பெண்கள் கூச்சல் கேட்கிற மாதிரி இருக்கும். இறங்கி ஓடிப் பார்த்தால் யாரோ யாரையோ பகிடி பண்ணிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

மனதுக்குள் அந்த முக்கால் மணி நேரத்தை நான் பல தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பத்தாவது நிமிடம் தொண்டை அடைக்கும். இருபதாவது நிமிடம் நாங்கள் நடுத்தண்ணீரில்கூட இருக்கமாட்டோம். அதற்கு மேல் நினைக்க முடியாமல் எழுந்து தண்ணீர் குடிப்பேன்.

அவளுக்கும் இது தெரிந்துவிட்டது. ஒருநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "இங்க பாருங்க, நீங்க என்னைய பாக்குற பார்வையே சரியில்ல. செத்த ஆள பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்றாள்.

"மலைக்கு போவாதன்னா கேக்குறியா புள்ள?"

"போட்ட சரி பண்ணுங்க. என்னைய சரி பண்ண வராதீங்க."

கடற்கரை ஊரான நீர்கொழும்பில் படகு எஞ்சின் பார்க்கிற ஒருவருடைய நம்பர் கிடைத்தது. சிங்களவர். சிங்களத்தில்தான் பேசினோம். உயரத்தில் காற்று மெலிசு, எஞ்சினுக்குப் பலம் குறையும், அதற்கு ஏற்ற வேறு விசிறி போட வேண்டும் என்றார். அது சரியான பேச்சுத்தான், ஆனால் இதே உயரத்தில், இதே விசிறியோடு, ஐந்து பேரோடு எழும்பிய படகு இது என்று நான் சண்டைக்குப் போனேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. ஓடுகிற வீடியோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பிறகு, ஓடாமல் நிற்கிற வீடியோவும் ஒன்று அனுப்பச் சொன்னார். நிற்கிற படகில் பார்க்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்து அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் அழைத்தார். படகுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன்.

"அப்படியானால் உள்ளே உட்கார்ந்திருப்பது என்ன?" என்றார். "பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். கரையேற்றும்போது பின்னால் இருக்கிற பித்தளை மூடியைத் திறந்து தண்ணீரை வடிய விடுகிறீர்கள்தானே?"

மூடி இல்லை. அந்த ஓட்டையே இல்லை. அதை நான் அடைத்துவிட்டேன்.

குளவி கொட்டி அவள் பிழைத்து வந்த அடுத்த மாதம் அது. படகு கரையில் கிடந்தபோது, பின்பக்கம் கீழே இருந்த ஒரு பித்தளைத் திருகு மூடியைச் சுற்றித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். "ஓட்ட உள்ள போட்ல யாரு ஏறுவா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கரையில் வெளியே வருகிற வழி ஏரியில் உள்ளே போகிற வழிதானே? ஸ்டோரில் எங்கே ஒழுகினாலும் அடைப்பது என் வேலை. மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பைபர் துணியும் பசையும் வைத்து மூன்று அடுக்கு போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. தோட்டமே மெச்சியது. இனி இந்தப் படகு என் மனைவியை ஏமாற்றாது என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

படகுக்கு இரண்டு அடி உண்டாம். நாம் மிதிக்கிற தட்டு ஒன்று, தண்ணீரில் படுகிற அடி ஒன்று, நடுவில் வெற்றிடம். உட்காரும் பலகையை இறுக்கிய ஆணித் துளைகள் வழியாக மழைத் தண்ணீர் அந்த வெற்றிடத்துக்குள் இறங்கும். இறங்கினது வடியத்தான் அந்த ஓட்டை. கரையோரத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும் என்றார் அவர். எங்கள் மலையில் பெய்கிற மழை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அத்தனையையும் ஒன்றரை வருடத்துக்கு மேலாக நான் சேர்த்து வைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலை ஸ்டோரில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு இறங்கினேன். பதினைந்து பேரைப் பிடித்து, படகின் மூக்கு மேட்டுப் பக்கம் பார்க்கக் கரையேற்றினேன். தட்டைக் கையால் தட்டினேன். நிறைந்த பீப்பாய் மாதிரி மொத்தென்று கேட்டது. கைத் துரப்பணத்தால் என் மூன்று அடுக்கையும் துளைத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கறுப்பாக, நாறிக்கொண்டு, கட்டை விரல் பருமனில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரமாகியும் பருமன் குறையவில்லை. தள்ளிவிட்டவர்கள் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே மலையில் கூச்சல் கேட்டது. எத்தனையோ நாள் கேட்டதாக நினைத்த கூச்சல்தான். இந்த முறை அது நிற்கவில்லை.

"குளவி! குளவி! ஓடுங்க!"

அவள் இருந்த மலை அது. காலையில் கங்காணியிடம் கேட்டிருந்தேன். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சீலையைத் தலையில் போர்த்திக்கொண்டு நாலாப்பக்கமும் ஓடி இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவே நாலு பேர் ஒரு கம்பளியில் யாரையோ தூக்கிக்கொண்டு படகை நோக்கி ஓடி வந்தார்கள். முகம் மூடியிருந்தது. மேலே ஓடிப் போய் யாரென்று பார்க்க வேண்டும் போல் என் கால் துடித்தது. ஆனால் ஓட்டை திறந்து கிடந்தது. ஓடினால் படகு இல்லை. நான் ஓடவில்லை. கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் கட்டை ஒன்றை எடுத்துக் கத்தியால் சீவினேன். அவசரத்தில் விரலையும் சீவிக்கொண்டேன். உடுத்தியிருந்த சாரத்து ஓரத்தைக் கிழித்துக் கட்டையில் சுற்றி ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் அவளுடைய பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் ஓடி வந்து நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

மலையிலிருந்து ஓடி வந்தவர்களும் சேர்ந்து படகைத் தண்ணீரில் தள்ளினோம். கம்பளியை உள்ளே வைத்தார்கள். நான் முகத்துத் துணியை விலக்கினேன். லயத்தில் எங்கள் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்கா. முகம் பூசணிக்காயாக வீங்கி, கண் இரண்டும் கோடாகியிருந்தது.

"அப்பாடா!" என்றேன்.

வாய்விட்டுச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். சொன்ன பிறகுதான், அந்தக் கோடு போன்ற கண் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

என் மனைவி பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஒரு கொட்டுகூட இல்லை. படகில் ஏறி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கங்காணி முன்னால் ஏறினார். கயிற்றை இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. விசையை முழுதாகத் திருகினேன். மூக்கு தூக்கியது, பின்பக்கம் அமிழ்ந்தது. உள்ளே இன்னும் பாதித் தண்ணீராவது இருக்கும். ஐந்து நொடி, பத்து நொடி. "இன்னும் முன்னுக்கு போங்க!" என்று கங்காணியைப் பார்த்துக் கத்தினேன். மரியாதை பார்க்க நேரமில்லை. அவர் முட்டிபோட்டு மூக்கு நுனிக்கே ஊர்ந்து போனார். மூக்கு தாழ்ந்தது. எழும்பியது. எத்தனை மாதமாக நான் வேண்டிக்கொண்ட அந்த வழுக்கல். எனக்குச் சந்தோசமே வரவில்லை.

"ஏங்க, மூச்சு இருக்குங்க, வெரசா போங்க, மூச்சு இருக்கு" என்று மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். அவளும் பயந்துபோயிருந்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் சேர்ந்தோம்.

அக்கா பிழைத்துக்கொண்டார். நாலாவது நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். நான்தான் போய் அழைத்து வந்தேன். வேறு யாரும் வரவில்லை. புருசன் செத்து எட்டு வருடம், ஒரே மகன் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிறான், லீவு கிடைக்கவில்லையாம்.

படகில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். வீக்கம் இறங்கி, கன்னத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் இருந்தன. எஞ்சினை இயக்குவதற்கு முன்னால் எனக்கு எதையாவது ஒப்புக்கொண்டாக வேண்டும் போலிருந்தது. பெரியதைச் சொல்லத் தைரியமில்லாமல் சின்னதைச் சொன்னேன்.

"அக்கா, போட்டு எழும்பாம இருந்ததுக்கு நாந்தான் காரணம். அந்த ஓட்டைய நாந்தான் அடச்சேன். ஒரு நாளு முந்தி கொட்டியிருந்தா ஒங்கள காப்பாத்தியிருக்க முடியாது."

"ஓட்டைய விடு தம்பி. ஒனக்கு என்னா தெரியும், நீ கடல பாத்தவனா?"

சீலைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நீ அப்பாடான்ன. எனக்கு நல்லா கேட்டுச்சு."

நான் பெட்ரோல் மூடியைத் திருகி இறுக்கினேன்.

"ஒம் மேல கோவம் இல்ல தம்பி. கம்பளில கெடந்தது ஒம் பொஞ்சாதி இல்லன்னுதான் நீ சொன்ன. அதுல என்னா தப்பு? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கம்பளில கெடக்குறது நான் இல்லன்னு தெரிஞ்சா, அப்பிடி அப்பாடான்னு சொல்ல எனக்கு ஆளு யாருன்னு. ஒவ்வொருத்தரா நெனச்சு பாத்தேன்."

நாங்க இருக்கோம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காலையில் என் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. எழுந்து எஞ்சின் கயிற்றை இழுத்தேன்.